வாய்க்கால் தாண்டிய சோறு

என் கல்யாணச் சோறு வெளிநாட்டில் வெந்தது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே பாரிஸையும் லண்டனையும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்லும் வெளிநாடு எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று பார்த்தால் தெரியும். நடுவில் ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். கோடையில் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் இறங்கி ஏறிவிடலாம். இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் சீமை. ஏறினால் இந்திய யூனியன்.

திருநள்ளாற்றுக்கு மேற்கே, எல்லையை ஒட்டிய பத்து வீட்டுத் தெரு எங்களுடையது. பத்து வீடும் உறவு, பத்து வீட்டுக்கும் ஒரே மாதா கோயில். வீடும் வயலும் இந்தப் பக்கம். கதிரடிக்கும் களம் மட்டும் அந்தப் பக்கம். எங்கள் பக்கம் முழுக்கப் பள்ளம். தை மாதத்தில்கூடக் கால் வைத்த இடத்தில் ஈரம் கசியும். வாய்க்காலுக்கு அக்கரையில்தான் மேடு. என் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து எங்கள் நெல் அந்த மேட்டில் அடித்து, தூற்றி, அளந்து, பிறகுதான் வீட்டுக்கு வரும். எந்தப் பக்கத்தை யார் ஆளுகிறான் என்று நெல்லுக்கும் தெரியாது, எங்களுக்கும் அக்கறை இல்லை.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. யூனியன் பக்கத்தில் அரிசித் தட்டுப்பாடு. ரேஷன் கார்டு, வரிசை, அளவுச் சோறு. விவசாயி தன் நெல்லை நினைத்தவருக்கு விற்க முடியாது. சர்க்கார் ஆள் களத்துக்கே வந்து எழுதி, விதைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஒதுக்கியது போக மீதியைச் சர்க்கார் விலைக்கு எடுத்துக்கொள்வார். கொள்முதல் என்று அதற்குப் பெயர். எங்கள் பக்கமோ நேர் எதிர். காரைக்காலில் வரியில்லா வியாபாரம். கைக்கடிகாரம், பேனா, செண்டு பாட்டில், டின் வெண்ணெய், சீட்டுக்கட்டு, எது வேண்டுமானாலும் கப்பலில் வந்து இறங்கும். அரிசியும் இறங்கியது. சைகோன் அரிசி, மூட்டை மூட்டையாக. அத்தனை கடல் தாண்டி வந்த அரிசியை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. டவுன்காரர்கள் அதைத்தான் பொங்கிச் சாப்பிட்டார்கள். என் அப்பாவுக்கு மட்டும் அதன் பேச்சை எடுத்தாலே ஆகாது. "கப்பல் அரிசி" என்பார், கெட்ட வார்த்தை சொல்லும் குரலில்.

அந்தக் கப்பல் அரிசி விளைகிற ஊரில் உத்தியோகம் பார்க்கிறவரைத்தான் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். கோவில்பத்துக்காரர். சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. ஆறு மாத லீவில் வந்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று நான் கொடுத்த காப்பியை வெள்ளைக் கால்சட்டையில் பாதி கொட்டிக்கொண்டு, எல்லோரும் பதறும்போது அவர் மட்டும் தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார். அப்படிச் சிரிக்கிற ஆம்பளையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு அப்போதும் வெட்கமில்லை, இப்போதும் இல்லை.

சிக்கல் நாளில் இருந்தது. அவர் கப்பல் ஏற வேண்டிய நாள் தவக்காலத்தின் நடுவில் வந்தது. தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. ஆகவே அது தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன்னால் முடித்தாக வேண்டும். அதைவிட முன்னால் வைக்கலாம் என்றால் அறுவடை ஆக வேண்டும். அறுவடைக்கும் விபூதிப் புதனுக்கும் நடுவில் மூன்று வாரம் கிடைத்தது. மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி ஆபீசில் எங்கள் இரண்டு பெயரையும் எழுதி, நாளையும் எழுதிப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அந்த நாள் தவறினால் அவர் தனியாகக் கப்பல் ஏறுவார். அடுத்த லீவு மூன்று வருஷம் கழித்து.

ஏன் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். எங்கள் தெருவில் அப்படி ஒரு வழக்கம். கல்யாணப் பெண்தான் தன் வயலில் முதல் அரிவாள் வைப்பாள். அந்த வயல் நெல்லைக் குத்திய அரிசிதான் அவள் பந்தியில் விழ வேண்டும். கடை அரிசியில் பந்தி போட்ட வீடு எங்கள் தெருவில் இல்லை. நானும் அரிவாள் வைத்தேன். மூன்று பிடி அறுத்ததும் சித்தப்பா போதும் என்று அரிவாளைப் பிடுங்கினார். நான் கொடுக்கவில்லை. ஒரு வரிசை முழுக்க அறுத்துவிட்டுத்தான் கரையேறினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருஷம்தான் யூனியன்காரர்கள் சுங்கக் குடிசையை இடம் மாற்றினார்கள். அதுவரை அரை மைல் தள்ளிச் சாலையில் இருந்தது, பெயருக்கு ஒரு மூங்கில் தடுப்போடு. பொங்கல் கழிந்ததும் எங்கள் வாய்க்கால் கரைக்கே வந்துவிட்டது. தண்டோராவும் போட்டார்கள். தானியம் எதுவும் இனிமேல் எல்லை தாண்டிப் போகக் கூடாதாம். அப்பா வாசலில் பல் விளக்கிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடத்தறவனுக்குச் சொல்றான். நமக்கென்னா?" என்று வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பத்து வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. களம் எங்கள் களம். கொல்லைக் கிணற்றுக்குத் தண்ணீர் இறைக்கப் போகிறவன் வெளிநாட்டுக்குப் போகிறேன் என்று நினைப்பானா?

மூன்று நாள் கதிர்க்கட்டுகள் வாய்க்காலைத் தாண்டின. சுங்கக் காவலர் குடிசை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், பெரிய மீசை, பேச்சு மட்டும் வெல்லம். ஒரு பெண்ணின் தலையில் கட்டு சரிந்தபோது ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். எத்தனை நல்ல மனிதர் என்று அம்மா மெச்சிக்கொண்டாள். உள்ளே வருகிற நெல்லை எந்த சர்க்கார் தடுக்கும் என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. நாங்கள் மூன்று நாளாகச் செய்துகொண்டிருந்தது இறக்குமதி.

அடித்துத் தூற்றி அளந்தாயிற்று. முதல் மூட்டையை ஏற்றிய வண்டி வாய்க்காலின் தென்னந்தடிப் பாலத்துக்கு வந்ததும் காவலரின் பிரம்பு குறுக்கே நீண்டது.

"ஏனுங்க, எங்கீங்க போறீங்க?"

"வூட்டுக்கு" என்றார் அப்பா.

"வூடு எங்கீங்க?"

அப்பா கை நீட்டிக் காட்டினார். எங்கள் கூரைமேல் பூசணிக்கொடி தெரிந்தது.

"அது வெளிநாடு ஆச்சுங்களே."

அப்பா வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். காவலர் சிரிக்கவில்லை.

"இது அங்க வெளைஞ்ச நெல்லுங்க. அடிக்கத்தான் இங்க வந்துச்சு. நீங்கதான் கதிர்க்கட்டத் தாங்கிப் புடிச்சீங்களே!"

"வர்றதுக்குத் தடையில்லீங்க. போறதுக்குத்தானுங்க தடை. நானென்ன செய்யட்டும்?"

மறுநாள் கொள்முதல் அதிகாரி வந்தார். தஞ்சாவூர்க்காரர், குடையும் கண்ணாடியும் தடித்த புத்தகமுமாக. அப்பா அவரிடமும் விளைந்த இடம், அடித்த இடம் என்று ஆரம்பித்தார். அவர் நிமிரவே இல்லை.

"களத்துல கிடக்கற நெல்லு களத்துக் கணக்கு. எங்க வெளைஞ்சதுன்னு நெல்லு வந்து சொல்லாது."

ஆனால் அநியாயக்காரர் இல்லை. பத்து வீட்டுத் தலையையும் எண்ணி, வருஷச் சாப்பாட்டுக்கு என்று சட்டப்படி ஒரு குவியலை ஒதுக்கினார். களம் அப்பா பெயரில் இருந்ததால் எல்லாவற்றுக்கும் அப்பாதான் பொறுப்பு. லாரி வந்து சர்க்கார் பங்கை ஏற்றும்போது அவரே நின்று கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அத்தனையும் பதுக்கல் நெல் என்று எழுதப்படும் என்றார்.

"ஒதுக்கினதையாவது வூட்டுக்குக் கொண்டுபோவலாமா?"

"ஒதுக்கினது சாப்பிடறதுக்கு. கொண்டுபோறதுக்கு இல்ல. அதுக்கு நாகப்பட்டினத்துக்கு மனு போடுங்க, ரெண்டு மூணு மாசத்துல பதில் வரும். அவசரம்னா இங்கயே உக்காந்து சாப்பிடுங்க, யாரு வேணாங்கறா?" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அப்பா வீட்டுக்கு வந்து துண்டை விரித்துப் படுத்துவிட்டார். அவர் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு எழுந்து, "கல்யாணத்த மாப்ளயோட அடுத்த லீவுக்கு வச்சிக்கலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம்தான் பேசும். அன்றைக்கு எங்கள் அடுக்களையில் நிறையப் பேச்சு நடந்தது.

சேதி கேட்டு மறுநாளே மாப்பிள்ளை சைக்கிளில் வந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் அப்படி வரக் கூடாது. கையில் வெளிநாட்டு பிஸ்கட் டின் வேறு. அப்பாவின் எதிரே உட்கார்ந்து, நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, "எனக்கு எந்த அரிசியும் சரிதாங்க மாமா. அங்க தினம் கப்பல் அரிசிதானே சாப்பிடறேன்" என்றார்.

அப்பா முகம் போன போக்கைப் பார்த்து அம்மா பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "என் பொண்ணு கையால அறுத்த நெல்லு கண்ணு முன்னாடி கெடக்குது. அத வச்சிக்கிட்டு நான் வாங்கின அரிசில பந்தி போடணுமா?" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

வேலியருகில் சைக்கிளைத் திருப்பும்போது நான் போய் நின்றேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார். "மூணு வருஷம் காத்திருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றேன்.

பாவம், அவர் முகம் சுண்டிவிட்டது.

"எதுக்குக் காத்திருக்கணும்? விபூதிப் புதனுக்குள்ளயே முடிச்சுக் காட்டறேன், போங்க."

வாய் சொல்லிவிட்டது. எப்படி முடிப்பது என்று மூளைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்து அந்த நெல் குவியலை முறைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் யூனியன் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்கள் வீடுகளில் வைக்கோல் போர் போட ஆட்கள் வந்தார்கள். தினமும் வருகிறவர்கள்தான். காவலர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, சுருக்குப்பையைத் தட்டிப் பார்த்து, மடியை உதறச் சொல்லி அனுப்பினார். ஆட்களைக் கூட்டி வரும் கொத்துக்காரியிடம் வந்தபோது அவள் தூக்குவாளியைத் திறந்து பிரம்பால் உள்ளே கிளறப் போனார்.

"என் சோத்துல குச்சிய வுடாதய்யா! நீ திங்கறதா இருந்தா வுடு" என்று அவள் கத்தினாள்.

காவலர் பிரம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "சோறுங்களா? போங்க, போங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். நேற்று வரை ஒரு பிடி நெல்லுக்கு வழியில்லாத பாலத்தில் பத்துப் பதினைந்து தூக்குச் சோறு நடந்து போகிறது. தினமும் போகிறது. நெல் போகக் கூடாது, அரிசி போகக் கூடாது. சோறு போகலாம்!

வீட்டுக்கு ஓடினேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பங்கரையிலிருந்து சின்னத் தூக்கு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஒதுக்கிய குவியலிலிருந்து அரைப்படி நெல்லைக் களத்திலேயே குத்தி, களத்திலேயே பொங்கி, தூக்கில் போட்டுக்கொண்டு பாலத்துக்கு வந்தேன். காவலர் மூடியைத் திறந்தார், ஆவி பார்த்தார், மூடினார். "போங்க அம்மிணி."

மறுநாள் அடுக்குச் சட்டி. அதற்கு மறுநாள் வெண்கலப் பானை. நான்காம் நாள் அம்மாவும் நானுமாகக் குண்டானை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு வந்தபோது அவர் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, நானும் பாத்துட்டேதான் இருக்கறேன். தினம் பாத்திரம் வளருதுங்களே?"

எனக்குப் பொய் வராது, வந்தாலும் நிற்காது. கல்யாணம், கப்பல், தவக்காலம், அப்பா படுத்தது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அண்டா அண்டாவாக வரும் என்பதையும் சொன்னேன். அவர் குடிசைக்குள் போனார். சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் விரல் வைத்துப் படித்தார். "நெல்லு. அரிசி. நொய்யி. தவுடு. அவலு. பொரி. மாவு." மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை.

"சோறுன்னு இல்லீங்க" என்றார்.

"இல்லன்னா போகலாம்தானே?"

"இல்லாததுக்கு மேல எழுதிக் கேக்கோணுங்க. அதானுங்க முறை."

"எழுதினா எப்ப பதில் வரும்?"

"பங்குனி ஆயிருமுங்க."

"அதுக்குள்ள சோறு ஊசிப்போயிடுமே!"

அவர் என்னைப் பார்த்தார், குண்டானைப் பார்த்தார். மீசைக்குள்ளிருந்து சிரிப்பு வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அண்டாவைத் தெறந்து பாப்பனுங்க. சோத்துக்கு அடியில ஒரு அரிசி வேகாம இருந்தாலும் திருப்பி அனுப்பிப் போடுவேன். அதுமில்லாம பந்தி இந்தப் பக்கம் வேண்டாமுங்க. விருந்துக்கு இத்தனை பேருக்கு மேல கூடாதுன்னு இங்க சட்டமிருக்குது. அந்தப் பக்கம் எத்தனை பேருக்கு வேணும்னாலும் போடுங்க, அது பிரெஞ்சுக்காரன் பாடு."

அப்பாவைச் சம்மதிக்க வைப்பதுதான் காவலரைவிடக் கடினமாக இருந்தது. முதலில் நம்பவில்லை. நம்பியதும் வேறு கவலை பிடித்துக்கொண்டது. "வருஷம் பூரா திங்கற நெல்ல ஒரே நாள்ல பொங்கிட்டா அப்புறம் பத்து வூடும் என்னாத்த திங்கறது?"

"கப்பல் அரிசி திம்போம்" என்றாள் அம்மா. அவள் அவரை எதிர்த்துச் சொன்ன ஒரே வாக்கியம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். "வூட்டுக்குள்ள திம்போம். யாரு பாக்கப் போறா?"

மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். எல்லோர் வீட்டிலும் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் இருந்தாள். அந்த வருஷம் முழுக்க அப்பா கப்பல் அரிசிதான் சாப்பிட்டார். "உலையில் நன்றாக விரிகிறது" என்று சைகோனில் இருந்த எனக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அவர் கையிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பெல்லாம் சிரிப்பு. ஆலைக்குக் கொண்டுபோகவும் பர்மிட் வேண்டும் என்பதால் எல்லாம் களத்திலேயே. அங்கேயே நெல்லை அவித்தோம், அங்கேயே காயவைத்தோம். பத்து வீட்டு உரலும் உலக்கையும் வாய்க்காலைத் தாண்டின. காவலர் ஒவ்வொரு உரலையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு விட்டார். கொத்துக்காரி தன் ஊர்ப் பெண்களை எல்லாம் கூட்டி வந்துவிட்டாள். இரண்டு பேராக ஒரு உரலில் மாற்றி மாற்றிப் போட, உலக்கைச் சத்தம் கோயில்பக்கம் வரை கேட்டதாம். கல்யாணப் பெண் குத்தக் கூடாது என்றார்கள். நான் யார் பேச்சைக் கேட்டேன்? கோயில் கல்யாணத்துக்கு முன்னால் உள்ளங்கையில் கொப்புளத்தோடு மேரிக்குப் போய்ப் பதிவுக் கையெழுத்துப் போட்டவள் நான் ஒருத்திதான் இருப்பேன். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் என் கையைப் பார்த்து மாப்பிள்ளையிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். "என்னா கேக்கறாரு?" என்றேன். "உங்களை இப்பவே வேலை வாங்கறேனான்னு கேக்கறார்" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

எல்லாம் இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கொள்முதல் ஆபீஸ் சேவகன் சீட்டோடு வந்தான். லாரி வருகிறது. என் கல்யாணத்தன்று காலையில்.

அப்பா களத்தை விட்டு நகர முடியாது. அவர் பூசைக்கு வந்த நேரம் பார்த்து லாரி வந்துவிட்டால், அடுப்பில் வேகிற அரிசி உட்பட அத்தனையும் பதுக்கல். நாளை மாற்றச் சொல்லிச் சித்தப்பா ஓடினார். லாரி ஒரு களத்துக்காக வருவதில்லை, வரிசையாகப் பத்துக் களத்துக்கு வருகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் நான் அழுதேன். அதுவரை வீம்பு தாங்கியது, அப்புறம் தாங்கவில்லை. "வேணாம்ப்பா. கப்பல் அரிசி வாங்கிப் பொங்கிடலாம். இந்த நெல்லு எல்லாத்தையும் லாரியில ஏத்திவிட்டுட்டு நீங்க கோயிலுக்கு வாங்க. நீங்க இல்லாம எனக்குத் தாலி வேணாம்."

அப்பா எனக்கு நேரே உட்கார்ந்தார். "இத்தன பேரு குத்தியிருக்காங்க. நீ கையெல்லாம் கொப்புளிச்சிக்கிட்டு நிக்கற. தாலி கட்டறதுக்கு நான் என்னாத்துக்கு, சாமியாரு இருக்காரு, மாப்ள இருக்காரு. சோத்துக்கு நான்தான் இருக்கணும். புது நெல்லு, கொஞ்சம் அசந்தா குழைஞ்சிடும். நீ போயி கட்டிக்கிட்டு வா. நான் பொங்கி வைக்கறேன்."

என் அப்பா அதற்குமுன் ஒரு உலை வைத்தவர் இல்லை.

கல்யாணத்தன்று விடியலில் சித்தப்பாதான் என்னை வண்டி கட்டிக் கோயிலுக்கு அழைத்துப்போனார். பூசையில் நன்மை என்னும் அப்பம் வாங்க வேண்டும் என்பதால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. சாமியார் லத்தீனில் பாடிய பூசையில் எனக்குப் புரிந்தது கொஞ்சம், கேட்டது அதிலும் கொஞ்சம். லாரி வந்திருக்குமா, கையெழுத்துப் போட்டிருப்பாரா, குழைந்திருக்குமா என்றே மனம் ஓடியது. தாலி கழுத்தில் ஏறியபோது முன்வரிசையைப் பார்த்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

வண்டிகள் ஊருக்குத் திரும்ப உச்சிப்பொழுது ஆகிவிட்டது. எங்கள் தெரு முழுக்கப் பந்தல். கோவில்பத்துச் சனம், திருநள்ளாற்றுச் சனம், வரிச்சிக்குடியிலிருந்து அம்மா பக்கத்து உறவு, எல்லோரும் பாயில் வரிசையாக. குழம்பும் கறியும் இந்தப் பக்கத்து அடுப்பில் தயார். இலை போட்டாயிற்று. நான் வண்டியிலிருந்து இறங்காமல் கொல்லைப் பக்கம் பார்த்தேன். வாய்க்கால் பாலத்தில், தென்னந்தடிகளின் மேல், கழியில் தொங்கிக்கொண்டு அண்டா வந்துகொண்டிருந்தது. பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. காவலர் ஒவ்வொரு மூடியையும் திறந்து, ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்து, தன் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

சடங்கெல்லாம் அப்புறம் என்று சொல்லிவிட்டுக் கல்யாணப் புடவையோடு கொல்லைக்கு நடந்தேன். பின்னாலேயே அவரும் வந்தார். பாலத்தில் காவலர் வழி விட்டவர், மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்து இருமினார். சைகோன் கைக்கடிகாரம். வரி கட்டாத சாமான். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே அதைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு என்னோடு யூனியனுக்குள் நுழைந்தார்.

லாரி போய்விட்டிருந்தது. சக்கரத் தடம் ஈரம் காயாமல் கிடந்தது. அப்பா கடைசி அடுப்பின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டையில்லை, தலையில் முண்டாசு, வேட்டியெல்லாம் கரி, சர்க்கார் ரசீது இடுப்பில் செருகியிருந்தது. என்னைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். கடைசி அண்டாவிலிருந்து கைச்சோறு எடுத்து ஊதி அவர் வாயில் ஊட்டினேன். மென்றார். நன்றாக மென்றார்.

"குழையல" என்றார். கண்ணில் நீர் தளும்பியது.

கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு மாப்பிள்ளையின் நெற்றியிலும். இரண்டு நெற்றியிலும் கஞ்சிப் பசை ஒட்டிக்கொண்டது. அந்த அண்டாவைத் தூக்க ஆட்கள் இன்னும் திரும்பவில்லை. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கழியின் ஒரு முனையைத் தோளில் வைத்தார். அப்பா வேண்டாம் வேண்டாம் என்றார். பிறகு மறுமுனைக்குக் குனிந்தார்.

"பாத்து மாப்ள, தடி வழுக்கும்."

"நீங்க வாங்க மாமா, நான் பாத்துக்கறேன்."

நான் கோட்டையும் கரண்டியையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். பந்தலிலிருந்து யாரோ பார்த்துக் குரல் கொடுக்க, உட்கார்ந்திருந்த சனம் எல்லாம் எழுந்து கொல்லை வேலிக்கு வந்துவிட்டது. காவலர் இந்த முறை மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. ஒதுங்கி நின்று பிரம்பைக் கீழே இறக்கினார். கரி படிந்த வேட்டியும் முண்டாசுமாக, கழியைத் தோளில் சுமந்துகொண்டு, வாய்க்காலைத் தாண்டி என் அப்பா என் கல்யாணத்துக்கு வந்து சேர்ந்தார்.